ஏறின நம்பர் இறங்காது

ஆய்வேட்டுக் கட்டு மேசைக்கு வந்ததும் லோகநாயகி அதைக் குப்புறப் போட்டுக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முடிவுரையின் கடைசிப் பத்தியில் ஆள்காட்டி விரலை வைத்து ஓட்டுவார். பிறகு எதிரே நிற்கிற ஆராய்ச்சியாளரை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"கெடச்சிச்சா?"

"இல்ல மேடம்."

"சரி, வுடுங்க. அட்டை என்னா கலரு?"

கேலிக்காகக் கேட்பதில்லை. பந்தியில் பரிமாறுகிறவர் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்கிற குரல்தான் அது. பத்தொன்பது வருஷத்தில் லோகநாயகி இயற்பியல் துறைக்கு இருபத்திரண்டு ஆய்வேடுகள் அடித்துக் கொடுத்திருக்கிறார். இருபத்திரண்டும் உலகத்தில் யார் கண்ணிலும் இதுவரை படாத துகள்களைப் பற்றியவை. இருபத்திரண்டின் கடைசிப் பத்தியும், வார்த்தைகள் முன்னே பின்னே இருந்தாலும், 'இத்துகள் இதுவரை தென்படவில்லை, மேலும் ஆராய வேண்டும்' என்றுதான் முடியும். இப்போதெல்லாம் அந்தப் பத்தியை அவர்கள் எழுதித் தருவதற்கு முன்னாலேயே லோகநாயகியின் விரல்கள் பாதி அடித்து முடித்துவிடுகின்றன.

கடை சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, பல்கலைக்கழகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது. எட்டடி அகலம். வாசலை அடைத்துக்கொண்டு ஜெராக்ஸ் மிஷின், அதன் பின்னால் கணவர் கொளஞ்சி, அவர் பின்னால் பைண்டிங் பிரஸ், கடைசியில் சுவரைப் பார்த்த மாதிரி கம்ப்யூட்டரும் லோகநாயகியும். இரண்டு பேரும் குமராட்சியிலிருந்து மினிபஸ்ஸில் வருகிறவர்கள். லோகநாயகி படித்தது பன்னிரண்டாம் வகுப்பும் டைப்ரைட்டிங் ஹையரும். முதல் இயற்பியல் மாணவர் தன் சமன்பாடுகளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அந்தச் சாலையில் இருந்த மற்ற டி.டி.பி. கடைக்காரர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். லோகநாயகி மட்டும், எழுத்துதானே, எழுத்தைப் பார்த்து எழுத்தை அடிப்பதற்கு என்ன பயம் என்று உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து துறையில் யார் எந்தப் புதுத் துகளை நினைத்தாலும் அது இந்த எட்டடிக் கடை வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

அவருடைய விசைப்பலகையைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும். மற்ற கடைகளில் உயிரெழுத்துகள்தான் முதலில் தேயும். இங்கே மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்க, பேக்ஸ்லாஷ் என்கிற பின்சாய்கோடு மட்டும் வழித்துவிட்ட மாதிரி மொழுக்கென்று இருக்கும். ஒவ்வொரு கணிதக் குறிக்கும் முன்னால் அந்தக் கோட்டைத் தட்டினால்தான் சமன்பாடு அடிக்கிற மென்பொருள் வழிவிடும். ஒரு பக்கத்துக்கு முந்நூறு தட்டு. விசைப்பலகை மாற்றச் சொன்னால், இது நம்ம கைக்குப் பழகினது என்று ஒரு துணியால் துடைத்து வைத்துக்கொள்வார்.

இந்தத் துகள்களைப் பற்றி லோகநாயகிக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாது என்பார். அது தன்னடக்கம். இருக்கிற பொருள்களுக்கெல்லாம் இயற்பியல்காரர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்; அது சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் போதவில்லை என்பது அவர்கள் குறை. ஆகவே பட்டியலை ஆளாளுக்கு ஒரு பக்கமாக நீட்டுகிறார்கள். நீட்டின இடத்திலெல்லாம் புதுத் துகள்கள் முளைக்கின்றன, காகிதத்தில். அவற்றில் ஒரு வகையைப் பற்றி லோகநாயகி சொல்லிக் கேட்க வேண்டும். அந்த வகைக்காரர்களின் கணக்கில், நமக்குத் தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜோடி உண்டு. அந்த ஜோடியின் தலைக்கு மேலே ஒரு நெளிகோடு போட வேண்டும்.

"பொண்ணு வூட்ல பெரியப்பா இருந்தா மாப்ள வூட்லயும் ஒரு பெரியப்பா. இங்க அத்தைன்னா அங்கயும் அத்தை. அத்தினி பேருக்கும் பேரு வச்சி, தலப்பா கட்டி, சேரு போட்டு வச்சிட்டாங்க. மாப்ள வூட்லேர்ந்து ஒரு ஆளு கூட மண்டபத்துக்கு வரல."

ஒரே ஒரு தடவை, பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐரோப்பாவில் ஒரு துகள் கிடைத்தேவிட்டது என்று துறை முழுக்க இனிப்பு கொடுத்தார்கள். கடைக்கும் ஒரு லட்டு வந்தது. லோகநாயகி லட்டைச் சாப்பிட்டார், ஆனால் அசரவில்லை. அது பழைய பட்டியலிலேயே இருந்த ஆள், வர வேண்டியவர் வந்தார், நம்ம கடையில் அடித்தது ஒன்றும் இன்னும் வரவில்லையே என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். ஊர்க்காரர் யாராவது இதையெல்லாம் கேட்டுவிட்டு, கோயிலில் திரைக்குப் பின்னால் இருக்கிற வெட்டவெளியும் இதுவும் ஒன்றுதானே அம்மா என்று ஆரம்பித்தால் அவருக்குப் பிடிக்காது. "சாமிய வுடுங்க. இவுங்களுக்குப் பரீட்சை இருக்குது" என்று பேச்சை வெட்டிவிடுவார்.

கம்ப்யூட்டரின் மானிட்டரைக் கொஞ்சம் நகர்த்தினால் அவருடைய இன்னொரு பழக்கம் தெரியும். பின்னால் சுவரில் பென்சிலால் குறுக்குக் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வருஷம், ஒரு எண். குமராட்சியில் அவர்கள் வீட்டுச் சுவரிலும் இப்படித்தான் கோடுகள் உண்டு. கொள்ளிடம் வீட்டுக்குள் வந்த வருஷங்களில் தண்ணீர் எதுவரை நின்றது என்று குறித்து வைத்தவை. கடைச் சுவரில் இருப்பது வேறு மட்டம். இசட் பிரைம் என்று ஒரு துகள். ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட இசட் துகளின் கனத்த உறவுக்காரர் என்பதால் லோகநாயகி அதற்கு வைத்த பேர் 'இசட்டு அண்ணன்'. துறையில் பாதிப் பேர் தேடுவது அவரைத்தான். அவர் எடை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஐரோப்பாவில் துகள்களை மோதவிடும் அந்தப் பெரிய மிஷின் ஒவ்வொரு தடவை ஓடி முடித்ததும், 'இந்த எடைக்குக் கீழே அவர் இல்லை' என்று ஒரு எல்லையைச் சொல்லும். அவரைத் தேடுகிற ஒவ்வொரு ஆய்வேட்டிலும் இரண்டாம் அத்தியாயத்தில் அந்த எல்லை ஒரு அட்டவணையாக வரும். எண் ஏறியிருந்தால், அதை அடிக்கிற அன்றைக்கு லோகநாயகி சுவரில் ஒரு கோடு போடுவார். அவர்களுடைய எடை அலகில் ஒன்றுக்கு ஒரு சாண் கணக்கு. முதல் கோடு ஒன்றில். பிறகு இரண்டரை. பிறகு நாலு. கடைசிக் கோடு ஐந்துக்கு மேலே, நகைக்கடை காலண்டரின் அடிவிளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

"காலண்டர் வரைக்கும் தேடுவானுங்க. அதுக்கு மேல எவனுக்குப் பொறுமை இருக்குது?" என்பது கொளஞ்சியின் கணிப்பு. இயற்பியல்காரர்களை அவர் 'இல்லாத சாமானத் தேடுறவங்க' என்றுதான் சொல்வார், அவர்கள் எதிரிலேயே. அவர்களும் சிரிப்பார்கள், கொளஞ்சியைப் போலத் தங்க எழுத்துப் போட்டு நேராக பைண்டிங் செய்ய அந்தச் சாலையில் வேறு ஆள் கிடையாது.

லோகநாயகிக்கு ஒரு விதி உண்டு. 'அடிக்கிறது என் வேலை, படிக்கிறது அவுங்க வேலை.' கொடுத்தது கொடுத்தபடி அடிப்பார். எழுத்துப் பிழை தவிர எதிலும் கை வைக்க மாட்டார். விதிக்குக் காரணமும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மாணவரின் சமன்பாட்டில் கழித்தல் குறி ஒன்று தப்பாக இருக்கிறதென்று நினைத்து, கேட்காமலே கூட்டல் குறியாக மாற்றிவிட்டார். மாணவர் போட்டிருந்ததுதான் சரி. அவர் வாய்மொழித் தேர்வில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, கடை வாசலில் நின்று அரை மணி நேரம் கத்தினார். எதிர்க்கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். லோகநாயகி தலையைக் குனிந்தபடி நின்ற அந்த அரை மணி நேரத்தை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் கண்ணுக்குத் தப்புத் தெரிந்தாலும் வாய் திறக்காது.

போன வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பாலகுமார் தன் இரண்டாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பாலகுமாருக்கு நாற்பத்து நாலு வயது. குறிஞ்சிப்பாடிக்காரர். கடலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பதினெட்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிறார், பகுதிநேர ஆராய்ச்சி. வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு, சனிக்கிழமை விடைத்தாள், மிச்சம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு வருஷமாக இசட்டு அண்ணனைத் தேடியவர். பேராசிரியர் லலிதாம்பிகைதான் அவருக்கு கைடு. இரண்டு தடவை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. அடுத்த திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கல்லூரியிலிருந்தும் கடிதம் வந்திருந்தது. முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு இந்தக் கல்வியாண்டோடு வேலை முடிகிறது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டவர்களுக்கு மட்டும் முடிவு வரும்வரை இடம் இருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. இதையெல்லாம் அவரே கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பிறத்தியாருடைய கதையைச் சொல்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

மற்ற அத்தியாயங்களெல்லாம் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. இரண்டாவது மட்டும்தான் பாக்கி. ஆராய்ச்சி தொடங்கின புதிதில் அவரே எழுதி, கைடு அப்போதே படித்து, சரி என்று சொன்ன அத்தியாயம் அது. அதை அப்படியே கொண்டுவந்திருந்தார். கூடவே சமர்ப்பணப் பக்கத்தில் ஒரு திருத்தம். முன்பு 'என் மனைவி மாலதிக்கு' என்று மட்டும் இருந்தது. இப்போது 'எட்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்த மாலதிக்கு' என்று மாற்றச் சொன்னார். லோகநாயகி அதை அடித்துவிட்டு ஒரு தரம் படித்துப் பார்த்தார்.

அன்று பிற்பகல் இரண்டாம் அத்தியாயத்தின் அட்டவணையில் வந்து நின்றபோது அவர் விரல்கள் தயங்கின. இசட் பிரைம், எடையின் கீழ் எல்லை: நாலு. லோகநாயகி மானிட்டரின் ஓரமாக எட்டி, சுவரைப் பார்த்தார். நாலு என்கிற கோடு எட்டு வருஷத்துக்கு முந்தியது. அதற்கு மேலே, ஐந்தைத் தாண்டி, இன்னொரு கோடு இருந்தது. பிறகு ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்தார். எட்டு வருஷமும் பாலகுமார் கணக்குப் போட்டுக் கண்ட எடை, நாலரை. நாலுக்கு மேலே, ஆகவே இருக்கலாம். ஐந்துக்குக் கீழே, ஆகவே இல்லை.

எட்டு வருஷமாகத் தேடின ஆள் அந்த இடத்தில் இல்லை என்பது ஐரோப்பாவுக்குத் தெரியும், கடைச் சுவருக்குத் தெரியும், பாலகுமாருக்கு மட்டும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சியில் இப்படி நடக்கும். ஆரம்பத்தில் எழுதி வைத்த அத்தியாயத்தைத் திரும்பிப் பார்க்க நேரமே இருக்காது.

சொல்வதா வேண்டாமா? தன் வேலை அடிப்பது என்று சும்மா இருந்துவிடலாம். ஆனால் வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் சும்மா இருக்க மாட்டார். சொன்னாலோ, ஏழு நாளில் மனிதர் என்ன செய்வார்? தானே தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்? பழைய கழித்தல் குறி கண் முன்னால் வந்து நின்றது.

இந்த மாதிரி நேரத்தில் லோகநாயகி செய்கிற காரியம் மிகவும் எளியது. பிரிண்டரின் மேல் பழியைப் போடுவார். செவ்வாய்க்கிழமை பாலகுமார் வந்தபோது டோனர் தீர்ந்துவிட்டது என்றார். புதன்கிழமை வந்தபோது, டோனர் வந்தது, ஆனால் பேப்பரைச் சுருட்டுகிறது என்றார். பாலகுமார் தலையாட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். கொளஞ்சிக்குப் பொறுக்கவில்லை. காலையில்தானே எண்பது பக்கம் சுருளாமல் வந்தது என்று விசாரித்தார். லோகநாயகி எல்லாவற்றையும் சொன்னார். கொளஞ்சி கையிலிருந்த பசை காய்கிற வரைக்கும் யோசித்தார்.

"அந்த ஆளு நம்மள நம்பித்தானே கடைசி பஸ்ஸுக்கு ஓடுறாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வியாழக்கிழமை பாலகுமார் கல்லூரிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். லோகநாயகி பிரிண்டரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எழுந்து மானிட்டரை ஒரு பக்கமாகத் திருப்பினார்.

"சார், இத ஒரு வாட்டி பாருங்க."

"என்ன மேடம் இது, வெள்ளம் வந்த மட்டமா?"

"அப்பிடித்தான் வச்சிக்குங்க. இசட்டு அண்ணன் இதுக்குக் கீழ இல்லன்னு ஒவ்வொரு வாட்டியும் சொன்ன நம்பரு. கொள்ளிடத்துல ஏறுன தண்ணி கூட எறங்கும் சார். இந்த நம்பரு ஒரு நாளும் எறங்குனதில்ல. உங்க அத்தியாயத்துல எறங்கியிருக்குது."

பாலகுமார் வகுப்பில் பையன் ஒருவன் அசட்டுக் கேள்வி கேட்டால் சிரிக்கிற மாதிரி சிரித்தார். இசட் பிரைமில் பல வகை உண்டு, ஒவ்வொரு வகைக்கும் எல்லை வேறாக வரும் என்று பொறுமையாக விளக்கினார். லோகநாயகி முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, கடைசிக் கோட்டைப் போடவைத்த பழைய ஆய்வேட்டைக் கம்ப்யூட்டரில் திறந்து, அட்டவணைக்குக் கீழே இருந்த ஒரு வரியைக் காட்டினார். மற்ற துகள்களோடு இசட் எவ்வளவு பிணைகிறதோ அதே அளவுதான் இசட் பிரைமும் பிணைகிறது என்று வைத்துக்கொண்டால், என்றது அந்த வரி. பக்கத்திலேயே பாலகுமாரின் இரண்டாம் அத்தியாயத்தையும் திறந்தார். அதே வரி. ஒரு சொல் மாறவில்லை.

பாலகுமார் இரண்டு வரியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். கொளஞ்சி ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பாலகுமார் அதை வாங்கி, மூடியைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க பேசாம அடிச்சிக் குடுத்திருக்கலாமே மேடம்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"குடுத்திருக்கலாம். பரீட்சைக்கு வர்றவரு பேசாம இருக்க மாட்டாரே சார். அத்தினி பேரு எதிர்ல நீங்க தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கக் கூடாது."

அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று பாலகுமாருக்குத் தெரிய நியாயமில்லை. கொளஞ்சிக்குத் தெரியும். அவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு பேப்பர் கட்டைத் தட்டி நேராக்கினார்.

லோகநாயகிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, தெரிந்ததைச் சொன்னார். இந்த மாதிரி, எல்லை தங்கள் எடையைத் தாண்டி ஏறிவிட்டதால் மாட்டிக்கொண்டவர்கள் இதற்கு முன்னாலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததெல்லாம் அவர் கையால் அடித்ததுதானே.

"ஒண்ணு, இசட்டு அண்ணன் எடைய ஏத்திடுவாங்க. இல்ல, புடிமானத்தக் கொறச்சிடுவாங்க. புடிமானம் கொறஞ்சா கண்ணுல மாட்ட மாட்டாராமே. நீங்க எது பண்ணப் போறீங்க?"

பாலகுமாருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வருஷமாகக் கருத்தரங்குகளில் பெரிய பெரிய வார்த்தைகளில் கேட்டதை இவ்வளவு மானக்கேடாக யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். நாலாம் அத்தியாயத்தைத் திறக்கச் சொன்னார். அதில் ஒரு சமன்பாடு. பிணைப்பின் அளவு இரண்டு தரம் பெருக்கி வந்தது. பிணைப்பைப் பாதியாக்கினால், துகள் தென்பட வேண்டிய எண்ணிக்கை நாலில் ஒரு பங்காகும். கால்குலேட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வியாழனிலிருந்து சனி வரை மூன்று நாளும் கடைக்கு வந்தவர்களெல்லாம் பாலகுமாரின் முட்டியைத் தாண்டித்தான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பைண்டிங் அட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். லோகநாயகி அவர் கொடுக்கக் கொடுக்க அடித்தார். பழைய அட்டவணை போனது. புது எல்லை வந்தது. தன் கணக்கு கேட்கிற நாலரை என்கிற எடையில், எல்லாரும் நினைக்கிற அளவு பிணைப்போடு, அந்தத் துகள் கிடையாது என்று பாலகுமார் தன் கையாலேயே எழுதினார். அதை எழுதுவதற்கு அவருக்கு ஒரு காலை முழுக்கப் பிடித்தது. அதற்குப் பிறகுதான் அடுத்த வரி வந்தது. அங்கே ஒன்று இருந்தே தீரும் என்றால், அதன் பிணைப்பு பாதிக்கும் கீழே இருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை தெற்கு வீதியில் கைடு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். லலிதாம்பிகை கண்டிப்புக்குப் பேர் போனவர். ஒரு மணி நேரம் படித்தாராம். பிறகு, இரண்டாம் அத்தியாயத்தைத் தானும் மறுபடி ஒரு தரம் படித்திருக்க வேண்டும், தன் மேலும் தப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். இதை யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்டதற்குப் பாலகுமார், டைப் அடிக்கிற மேடம் என்று சொல்ல, கைடு கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை நன்றியுரையில் ஒரு சின்னத் தகராறு. 'என் பிழையைக் காட்டி என்னைக் காப்பாற்றிய திருமதி லோகநாயகிக்கு' என்று பாலகுமார் எழுதிக் கொடுத்திருந்தார். லோகநாயகி படித்துவிட்டு அடிக்க உட்கார்ந்தார். அச்சாகி வந்தபோது, 'அழகுறத் தட்டச்சு செய்த திருமதி லோகநாயகிக்கு' என்று இருந்தது. மற்ற எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிற அதே வரி. கழித்தல் குறிக்குப் பிறகு, கேட்காமல் அவர் மாற்றின ஒரே இடம் அதுதான். பாலகுமார் சண்டைக்கு வந்தபோது, பிழை இருந்தது என்று நீங்களே அச்சடித்துக் கொடுப்பீர்களா என்று லோகநாயகி ஒரு போடு போட்டார்.

திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு, கரும்பச்சை அட்டையில் தங்க எழுத்துப் போட்ட ஐந்து பிரதிகளைக் கொளஞ்சியே எதிர்க்கடை ஸ்கூட்டியில் முன்னால் வைத்துக்கொண்டு, பின்னால் பாலகுமாரையும் ஏற்றிக்கொண்டு போய் அலுவலகத்தில் இறக்கினார். இல்லாத சாமானுக்கு இவ்வளவு அவசரம் என்று வழி முழுக்கப் புலம்பியதாகப் பாலகுமார் சொன்னார்.

வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில் நடந்தது. அன்றைக்கு லோகநாயகி இரண்டு கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பேரை மாற்றி அடித்துவிட்டார். மணி மூன்றுக்குப் பாலகுமார் மடிப்பு கலையாத சட்டையோடு, மாலதியோடு, தேர்வு முடிந்தால் எல்லாருக்கும் கொடுக்கிற டிபன் பொட்டலத்தோடு கடைக்குள் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் லோகநாயகி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"மொத கேள்வி என்னா கேட்டாரு?"

"நாலரைல எப்பிடி இருக்கும், அங்கதான் இல்லன்னு ஆயிடுச்சேன்னு கேட்டாரு மேடம். இல்ல சார், அதத்தான் நானும் சொல்லியிருக்கேன்னேன். பக்கத்தப் புரட்டிக் காட்டுனேன். அதுக்கப்பறம் அவரு வேற எதுவும் பெருசா கேக்கல."

லோகநாயகி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவு அழுக்கு ஒன்றும் அதில் இல்லை. மாலதி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கொளஞ்சி பொட்டலத்தைப் பிரித்து, ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டு, அப்ப இதோடு தேடுறது முடிஞ்சிதா என்று விசாரித்தார்.

"எங்க முடியும்? அந்த மிஷின நிறுத்திப் பெருசாக்கப் போறாங்க. திரும்ப ஓட ஆரம்பிச்சா, மோதல் இப்ப இருக்கறத விட பல மடங்கு ஜாஸ்தி. நம்பரு இன்னும் ஏறும்" என்றார் பாலகுமார். வேலை போகாது என்று தெரிந்த மனிதரின் குரல் அது. ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடி போகப்போவது மாலதிக்கும் புரிந்திருக்க வேண்டும், அவர் பெருமூச்சு விட்டார்.

லோகநாயகி மானிட்டரை ஒதுக்கினார். மேசை இழுப்பறையிலிருந்து பென்சிலை எடுத்துப் பாலகுமாரிடம் நீட்டினார். பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சுவரில் வேறு யாரும் கோடு போட்டதில்லை. பாலகுமார் பென்சிலை வாங்கி, கடைசிக் கோட்டின் பக்கத்தில், அதே உயரத்தில், சின்னதாக ஒரு கோடு போட்டு வருஷத்தை எழுதினார்.

லோகநாயகி கோட்டைப் பார்த்தார். அதற்கு மேலே காலண்டர் வரைக்கும் இருந்த இரண்டு விரல் இடத்தைப் பார்த்தார். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறி, காலண்டரைக் கழற்றி மாலதியிடம் கொடுத்தார், ஆணியைப் பிடுங்கினார், கொளஞ்சியிடம் சுத்தியலை வாங்கி, ஒரு முழம் மேலே அடித்தார்.